டென்ட்டுக்குள்ள மழை: புதுசு வாங்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

போன நவம்பர். கொடைக்கானல் மேல்மலையில், பூம்பாறை தாண்டி ஒரு தனியார் தோட்டத்தில் நாலு பேர் டென்ட் போட்டுப் படுத்திருந்தோம். ராத்திரி ஒரு மணி வாக்கில் என் ரூம்மேட் எழுந்து உட்கார்ந்து, "மச்சான், முதுகு ஈரமா இருக்குடா" என்றான். "வாட்டர் பாட்டில் மூடி திறந்திருக்கும், பாரு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அரை மணி நேரத்தில் ஈரம் என் பக்கமும் வந்துவிட்டது.

மூணு மணிக்கு அவனுக்கு நடுக்கம் பிடித்தது. முதலில் நாங்கள் சிரித்தோம், வீடியோகூட எடுத்தோம். அப்புறம் அவன் டென்ட் ஜிப்பைத் திறக்கப் பார்த்தான், விரலால் பிடிக்கவே முடியவில்லை. பேச்சு குழறியது. "எனக்கு ஒண்ணும் இல்ல, தூங்குறேன்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான். அதுதான் ஹைப்போதெர்மியாவின் ஆரம்பம் என்று எங்கள் நாலு பேரில் ஒருத்தருக்கும் தெரியாது. நாலு பேரும் வருங்கால இன்ஜினியர்கள்!

தோட்டத்து அண்ணன் டார்ச்சோடு வந்து பார்த்துவிட்டு, கேள்வி எதுவும் கேட்காமல் அவனைப் பூண்டு காய வைக்கிற ஷெட்டுக்குக் கூட்டிப்போனார். ஈரத் துணியை எல்லாம் கழற்றச் சொல்லி, ரெண்டு கம்பளியைச் சுற்றி, சர்க்கரை தூக்கலாக வரக்காப்பி கொடுத்தார். விடியும்போது பையன் பழையபடி திட்ட ஆரம்பித்துவிட்டான். அப்போதுதான் எங்களுக்கு உயிர் வந்தது.

ஹாஸ்டலுக்குத் திரும்பியதும் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "அந்த டென்ட் வேஸ்ட்டுடா. நல்ல டென்ட் வாங்கு." நல்ல டென்ட் என்றால் பதினைந்தாயிரம். என் ரெண்டு மாச மெஸ் பில்லைவிட அதிகம். அதனால் வாங்கவில்லை, டெஸ்ட் பண்ணினேன். அந்தக் கதைதான் இது. (ஸ்கூலில் தமிழ் எனக்கு செகண்ட் லாங்குவேஜ். பிழை இருந்தா எடிட்டர் குழுவைக் கேளுங்க.)

மொட்டை மாடி டெஸ்ட்

டெஸ்ட் ரொம்ப சிம்பிள். மொட்டை மாடியில் டென்ட்டைப் போட்டு, உள்ளே எல்லாப் பக்கமும் டிஷ்யூ பேப்பர் விரித்து, தோட்டத்துக்குத் தண்ணி விடுற ஓஸ் பைப்பை ஷவர் மாதிரி பிடித்து, ஒவ்வொரு பக்கமாகப் பத்துப் பத்து நிமிஷம் தண்ணி அடித்தோம். எந்த டிஷ்யூ நனையுதோ அங்கே ஓட்டை. வார்டன் பார்த்துக் கேட்டதுக்கு "ப்ராஜெக்ட் சார்" என்றோம். முழுப் பொய்யும் இல்லை.

முடிவு எங்களுக்கே ஆச்சரியம். கூரைத் துணி வழியாக ஒரு சொட்டுகூட இறங்கவில்லை! நனைந்தது மூணே இடம்: கூரையில் ரெண்டு தையல் சந்திக்கும் மூலை, கதவு ஜிப்பின் அடி, அப்புறம் தரை. அதுவும் தரையில் எல்லா இடமும் இல்லை, நான் முட்டி போட்டு டிஷ்யூ எடுக்கப் போன இடம் மட்டும்தான்.

அதாவது நாங்கள் குறை சொன்ன துணி நல்லாத்தான் இருந்தது. தண்ணி வந்தது இணைப்புகள் வழியாகவும், கீழிருந்தும். அதில் பாதி எங்கள் தப்பு.

அந்த 2000 மி.மீ. என்ன?

டென்ட் பெட்டியில் "2000 மி.மீ." என்று போட்டிருக்கும். எத்தனை மழை தாங்கும் என்கிற கணக்கு இல்லை அது. துணியைப் படுக்கவைத்து, அது மேல ஒரு குழாயை நிறுத்தி, அதில் தண்ணி ஊத்திக்கிட்டே போனால் எந்த உயரத்தில் மறுபக்கம் கசிய ஆரம்பிக்குது என்கிற அளவு. நாம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் படித்த அதே ஹெட்தான். 1000 மி.மீ. தண்ணி என்றால் 9.8 கிலோபாஸ்கல். கூரைக்கு 1500 இருந்தாலே வாட்டர்ப்ரூஃப் என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அதனால்தான் எங்கள் விலை குறைஞ்ச டென்ட்டின் கூரை தாங்கியது.

இப்போ தரைக்கு வாங்க. 65 கிலோ ஆள் முழு எடையும் ரெண்டு முட்டியில் போட்டு நிற்கிறான் என்று வெச்சுக்கோங்க. ஒரு முட்டி தரையில் படுற பரப்பு சுமார் 80 சதுர செ.மீ., ரெண்டுக்கும் 160. எடை 637 நியூட்டன். வகுத்தால் கிட்டத்தட்ட 40 கிலோபாஸ்கல், அதாவது 4 மீட்டர் உயரத் தண்ணி! பெட்டியில் போட்டது 2000. அடியில் தண்ணி நின்றால் முட்டி படுற இடத்தில் கசியாமல் என்ன செய்யும்?

அதே ஆள் மல்லாக்கப் படுத்தால்? பரப்பு 0.4 சதுர மீட்டர் என்று எடுத்தால் 160 மி.மீ.தான் வருது. ஒண்ணுமே இல்லை. ஆக வில்லன் முட்டியும் முழங்கையும் குதிகாலும். எடையைப் பரப்பிவிட்டால் போதும். யோகா மேட் மாதிரி ஃபோம் மேட்டைத் தரை முழுக்க விரிங்க, படுக்கிற இடத்தில் மட்டும் போடாதீங்க. குளிருக்கும் அதுதான் நல்லது. கம்பளி மேலே மூடினாலும் உடம்புச் சூட்டை அடியிலிருந்து தரை உறிஞ்சும்.

எங்கள் தப்பு

டென்ட்டுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் ஷீட் விரித்திருந்தோம். பாதுகாப்புக்காக டென்ட்டைவிட அரை அடி பெருசாக, எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டு. புத்திசாலித்தனம் என்று நினைத்தோம். கூரையில் வழிஞ்ச மழை நேராக அந்த நீட்டிய ஷீட்டில் விழுந்து, மண்ணுக்குள் போக வழியில்லாமல் டென்ட்டுக்கு அடியில் ஓடியது. நாங்களே தட்டு வெச்சுத் தண்ணி பிடித்து அதுமேல படுத்திருக்கோம். இதுக்குத் தீர்வு ஒரு பைசா செலவில்லை: ஷீட் ஓரத்தை டென்ட் விளிம்புக்கு உள்ளே வர்ற மாதிரி மடிச்சு விடணும்.

ரெண்டாவது தப்பு, இடம். சாயங்காலமே தோட்டத்து அண்ணன் சொன்னார்: "தம்பி, அங்க தண்ணி நிக்கும். மேட்டுப் பக்கம் போடுங்க." மேட்டிலிருந்து வியூ தெரியலை. கீழே பச்சைப் புல், சமதளம், மெத்தை மாதிரி இருந்தது. மெத்தை மாதிரி ஏன் இருக்கு என்று யோசித்திருக்கலாம். சுத்துப்பட்டுத் தண்ணி எல்லாம் வந்து சேருகிற பள்ளம் அது.

மழை அளவை இப்படிப் பாருங்க. 1 மி.மீ. மழை என்றால் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர். ஒரு மணி நேரத்தில் 20 மி.மீ. பெய்தால் பத்து சதுர மீட்டர் கூரைமேல் மட்டும் 200 லிட்டர் விழுது. பக்கத்துச் சரிவிலிருந்து ஓடிவர்றது தனி. டென்ட்டைச் சுத்தி வாய்க்கால் வெட்டலாம் என்று சிலர் சொல்வாங்க. அடுத்தவர் நிலத்தில் வேண்டாம், மண் அரிக்கும். லேசான மேடு, கொஞ்சம் சரிவு இருந்தாலும் பரவாயில்லை, தலையை மேட்டுப் பக்கம் வெச்சுப் படுத்துக்கலாம்.

அப்படியே மேலேயும் அண்ணாந்து பாருங்க. காய்ஞ்ச கிளை தொங்குகிற மரத்துக்கு அடியில் டென்ட் போடாதீங்க. மலையில் யூகலிப்டஸ் நிறைய. மழைக்கும் காத்துக்கும் கிளையை ஒடிச்சுப் போடுகிற மரம் அது. இடி இடிக்கிற நாளில் தனியாக நிற்கிற உயரமான மரமும் கூடாது.

என் காசு எங்கே போனது: படுதா

பதினைந்தாயிரத்துக்குப் பதில் நான் வாங்கியது ஹார்டுவேர் கடையில் ஒரு சில்பாலின் படுதா. 12க்கு 9 அடி, 90 ஜிஎஸ்எம். ஜிஎஸ்எம் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம். பத்து சதுர மீட்டர் என்பதால் எடை 900 கிராம். டென்ட் விலையில் சின்னப் பங்குதான். ட்ரெக்கிங் கடையில் சிலிக்கோன் பூசின நைலான் டார்ப் கிடைக்கும், எடை பாதிக்கும் கீழே, விலை பல மடங்கு. முதுகில் சுமந்து நாள் முழுக்க நடக்கிறவங்களுக்கு அது நியாயம். பஸ்ஸில் போய் இறங்கி அரை கிலோமீட்டர் நடக்கிற நமக்கு 900 கிராம் ஒரு விஷயமே இல்லை.

டென்ட் மேல எதுக்கு இன்னொரு கூரை? மழையை டென்ட் தொடவிடாமல் தடுக்கும் என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி, கதவைத் திறந்து வைக்கலாம். அன்னைக்கு நாங்கள் பயத்தில் எல்லா ஜிப்பையும் காத்துத் துவாரத்தையும் மூடிவிட்டோம். மூணு பேர் டென்ட்டில் நாலு பேர் ராத்திரி முழுக்க விட்ட மூச்சில் இருக்கிற ஈரம் எங்கே போகும்? குளிர்ந்த துணியில் பட்டு, தண்ணியாகி, சொட்டு சொட்டாக மூஞ்சியில் விழும். கூரை ஒழுகுது என்று நாங்கள் சத்தியம் பண்ணினோமே, அதில் பாதி எங்கள் மூச்சுதான். படுதா மேலே இருந்தால் கொட்டுற மழையிலும் துவாரத்தைத் திறந்து வைக்கலாம். சமையல், ஈர ஷூ, மழைக்கோட்டு எல்லாம் டென்ட்டுக்கு வெளியே, ஆனால் நனையாத இடத்தில் இருக்கும்.

கட்டுறதில் ஒரே விதி: தட்டையாகக் கட்டாதீங்க. ரெண்டு மரத்துக்கு நடுவில் ஒரு கயிறை இழுத்துக் கட்டி, படுதாவை அதுமேல ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி போடணும். காத்து வர்ற பக்கம் நல்லா தாழ்வாக, மறுபக்கம் கொஞ்சம் உயரமாக. நடுவில் ஒரு தொய்வு இருந்தால் அங்கே ஒரு பக்கெட் தண்ணி சேரும், அது 15 கிலோ, அந்த எடை இன்னும் தொய்வாக்கும், இன்னும் தண்ணி சேரும். கடைசியில் மொத்தமாக உங்கள் மேல்.

காத்தைப் பத்தி எனக்கு ரொம்ப அலட்சியம் இருந்தது, கணக்குப் போடுற வரைக்கும். அழுத்தம் = அரை × காத்தின் அடர்த்தி × வேகத்தின் வர்க்கம். 2000 மீட்டர் உயரத்தில் அடர்த்தி சுமார் 1. மணிக்கு 40 கி.மீ. காத்து நேருக்கு நேராக இந்தப் படுதாவில் மோதினால் சுமார் 60 கிலோ எடைக்குச் சமமான தள்ளு. 80 கி.மீ. ஆனால் இரண்டு மடங்கு இல்லை, நாலு மடங்கு: 250 கிலோ. அதனால் காத்து ஏற ஏற செய்ய வேண்டியது ஒண்ணுதான், படுதாவைத் தாழ்த்துங்க. உயரமாக, அழகாக, ஃபோட்டோவுக்கு நல்லா இருக்கிற மாதிரி கட்டினது முதலில் பறக்கும்.

இந்த இழுப்பு எல்லாம் கடைசியில் அந்தச் சின்ன அலுமினிய வளையத்தில் வந்து நிற்கும், அது பிய்யும். பிய்ஞ்சா கவலை வேண்டாம். ஒரு கூழாங்கல்லை மூலையில் வெச்சுச் சுருட்டி, கல்லுக்குப் பின்னாடி கயிறைச் சுருக்குப் போட்டுக் கட்டுங்க. வளையத்தைவிட கெட்டியாக நிற்கும்.

முடிச்சு லாரிக்காரங்ககிட்ட கத்துக்கலாம். நெல் மூட்டை லாரியில் படுதா கட்டுறதைப் பார்த்திருப்பீங்க. கயிறின் நடுவில் ஒரு கண்ணி போட்டு, நுனியைக் கீழே கொக்கியில் சுத்தி, மேலே கொண்டுவந்து கண்ணிக்குள் நுழைச்சு, கீழே இழுப்பாங்க. அது ஒரு கப்பி அமைப்பு! தியரிப்படி நீங்க இழுக்கிற விசை மூணு மடங்காகும். கயிறும் கயிறும் உரசுறதால் நிஜத்தில் அவ்ளோ வராது, ஆனாலும் கையால் சும்மா இழுக்கிறதைவிட எவ்வளவோ மேல். நைலான் கயிறு நனைஞ்சா நீளும். அதனால் படுக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு போய் எல்லாத்தையும் மறுபடி இழுத்துவிடுங்க. மரத்திலிருந்து கயிறு வழியாக வழிஞ்சு வர்ற தண்ணிக்கு, படுதாவைத் தொடுறதுக்கு ஒரு ஜாண் முன்னாடி ஒரு துண்டு நூலைக் கட்டித் தொங்கவிட்டால் தண்ணி அங்கேயே சொட்டிவிடும்.

தையலும் ஆணியும்

தையல் என்றால் ஊசி போட்ட ஓட்டைகளின் வரிசை. கம்பெனி உள்பக்கம் ஒரு டேப் ஒட்டி அதை மறைக்கும். எங்கள் டென்ட்டில் மூலையில் டேப் உரிஞ்சிருந்தது. சீம் சீலர் என்று ஒரு ட்யூப் கிடைக்கும், பிரஷ்ஷால் தடவி ஒரு நாள் காய விட்டால் போதும். ஒரு எச்சரிக்கை: உங்கள் டென்ட் துணியில் இருக்கிற பூச்சு பாலியூரித்தேனா சிலிக்கோனா என்று பார்த்து வாங்குங்க. விலை குறைஞ்ச டென்ட் பெரும்பாலும் பாலியூரித்தேன். சிலிக்கோன் துணியில் சிலிக்கோன் சீலர் தவிர வேற எதுவும் ஒட்டாது, உரிஞ்சு வந்துடும்.

டென்ட்டோடு வர்ற மெல்லிசான கம்பி ஆணிகளை ஈர மண்ணில் நம்பாதீங்க. ஒரு அடி நீள மூங்கில் முளை நாலு சீவி எடுத்துட்டுப் போங்க, தலை டென்ட்டை விட்டு வெளிப்பக்கம் சாய்ஞ்ச மாதிரி அடிங்க.

அவன் ஏன் நடுங்கினான்

நாங்கள் போன அன்னைக்கு வெப்பம் பத்து டிகிரிக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். பனி இல்லை, ஐஸ் இல்லை. "நம்ம ஊர் குளிரில் என்ன ஆகும்" என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். ஆனால் அவன் போட்டிருந்தது ஜீன்ஸும் காட்டன் ஹூடியும், ரெண்டும் ஈரம். காத்தைவிடத் தண்ணி வெப்பத்தைக் கிட்டத்தட்ட 25 மடங்கு நல்லாக் கடத்தும். ஈரக் காட்டன் உடம்பில் ஒட்டினால் அது துணி இல்லை, ரேடியேட்டர். உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. நடுக்கம், விரல் தடுமாறுறது, பேச்சுக் குழறல், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்கிற பிடிவாதம், இதெல்லாம் அறிகுறி. நடுங்கிக்கிட்டே இருந்தவன், சூடு ஏறாமலேயே நடுக்கத்தை நிறுத்திட்டா அது குணமாகிறது இல்லை, நிலைமை மோசமாகிறது. உடனே ஆஸ்பத்திரி. தோட்டத்து அண்ணன் செய்தது அத்தனையும் சரியான முதலுதவி: ஈரத்தைக் கழற்று, காய்ஞ்சதைச் சுத்து, முழிச்சிருந்தால் சூடாக, இனிப்பாகக் குடிக்கக் கொடு. "ஒரு பெக் போட்டா சரியாகும்" என்று ஒருத்தன் சொன்னான். ஆகாது. தோலுக்கு ரத்தம் அதிகமாகப் பாய்ஞ்சு உள்சூடுதான் இன்னும் வெளியே போகும்.

இன்னொன்னும் ஒத்துக்கிறேன். அன்னைக்குக் குளிர் தாங்காமல், பார்பிக்யூ கரி அடுப்பை டென்ட்டுக்குள்ளே இழுத்து வைக்கலாமா என்று நாங்கள் பேசினோம். மழையில் கரி நனைஞ்சு அணைஞ்சிருந்ததால் செய்யலை. மூடின டென்ட்டில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு. வாசனை இல்லை, கண்ணுக்குத் தெரியாது, தூக்கத்திலேயே முடிஞ்சிருக்கும். அந்த மழை எங்களுக்குச் செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

அதனால் பேக்குக்குள்ளே ஒரு பெரிய கார்பேஜ் கவர், அதுக்குள்ளே ஒரு செட் காய்ஞ்ச துணி, சாக்ஸ் உட்பட. படுக்கும்போது தவிர அதை எதுக்கும் தொடக்கூடாது. காலையில் ஈர டிரெஸ்ஸையே மறுபடி போட்டுக்கணும். கொடுமைதான், ஆனா காய்ஞ்ச செட் அடுத்த ராத்திரிக்கு வேணும்.

இதெல்லாம் சாதாரண மழைக்கு. 2019 ஆகஸ்ட்டில் நீலகிரி அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது. அந்த மாதிரி நாளுக்கு எந்தப் படுதாவும் கிடையாது. வானிலை மையம் ஆரஞ்சு, ரெட் அலர்ட் கொடுத்திருந்தால் பஸ் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணுங்க. புக் பண்ணும்போதே "ராத்திரி மழை வந்தா ஓடிவர ஒரு கூரை பக்கத்துல இருக்கா?" என்று கேளுங்க. அப்புறம், காட்டுக்குள்ளே அனுமதி இல்லாமல் டென்ட் போடுறது வேண்டாம். 2018 மார்ச் குரங்கணி தீ விபத்துக்கு அப்புறம் ட்ரெக்கிங்குக்குத் தனி விதிகளே இருக்கு.

இந்த ஆகஸ்ட்டில் அதே நாலு பேர், அதே டென்ட், ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டம். சில்வர் ஓக் மரங்கள் வரிசையாக நிற்கிறதால் கயிறு கட்ட ஜோராக இருந்தது. ராத்திரி பதினொரு மணிக்குப் பிடிச்ச மழை மூணு மணி வரைக்கும் விடலை. நடுவில் படுதாவின் ஒரு மூலை பிச்சுக்கிட்டுப் படபடன்னு அடிச்சது; மூங்கில் முளை மூணுதான் சீவியிருந்தேன், நாலாவதுக்குப் பழைய கம்பி ஆணியை அடிச்சது என் சோம்பேறித்தனம். வெளியே போய் ஒரு கல்லில் கட்டிட்டு வந்தேன். ரூம்மேட் எழுந்திரிக்கவே இல்லை. முதுகைத் தொட்டுப் பார்த்தேன், காய்ஞ்சிருந்தது.

படுதா, கயிறு, முளை, மீதி சீம் சீலர் எல்லாம் எங்கள் ரூமில் இருக்கு. ட்ரிப் போறவங்க வந்து எடுத்துக்கலாம், காசு வேண்டாம். டென்ட்டையும் கேட்டா தர்றேன், ஆனா திருப்பித் தரும்போது நல்லாக் காய வெச்சுக் கொடுங்க. ஈரத்தோடு சுருட்டி வெச்சா அந்தப் பாலியூரித்தேன் பூச்சு நாளடைவில் பிசுபிசுன்னு ஆகி, நாறி, உரிஞ்சு போயிடும். அப்புறம் நிஜமாவே புது டென்ட் வாங்கணும்.